ஒன்பதாம் பாட்டில் அப்பா

என் ஆல்பத்தைப் பற்றி முதன்முதலில் கருத்துச் சொன்னவர் அதைக் கேட்கவே இல்லை. அவர் என் அம்மா. கோயிலில் செபமாலைக் கூட்டம் முடித்து வந்தவர், முக்காட்டைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்று, “நீயும் உன்ர கொப்பரும் இந்த வீட்டை விட்டு எங்கயாவது துலைஞ்சு போங்கோ” என்று அப்பாவையும் சேர்த்து ஏசினார். சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது. பின்னால் வந்த விமர்சனங்கள் பலவற்றில் அந்தத் தெளிவு இல்லை.

நான் மன்னார் பஜாரில் ஃபோன் திருத்துகிறவன். கடலில் விழுந்த ஃபோன், மோட்டார் சைக்கிள் ஏறிய ஃபோன், பெண்சாதி சுவரில் எறிந்த ஃபோன் எல்லாம் என்னிடம் வரும். மிச்ச நேரத்தில் கிற்றாரை வைத்துக்கொண்டு கத்துவேன். நாட்டார் மெட்டை எடுத்து, வேகத்தைக் கூட்டி, தொண்டை கிழியப் பாடுவதற்கு வெளிநாட்டில் ‘ஃபோக் பங்க்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் ஊர் தலைமன்னாரில் அதற்குப் பெயர் விசர், அதாவது பைத்தியம். எனக்குக் கம்பெனி இல்லை, தயாரிப்பாளர் இல்லை. பாப்பாமோட்டையில் வயல் செய்கிற ஒரு கூட்டாளி மட்டும் இருந்தான். அம்மன் கோயிலில் உடுக்கு அடிக்கிற கையால் அவன் எனக்காகப் பெயின்ற் வாளியைக் கவிழ்த்து வைத்து அடிப்பான்.

ஆல்பத்தில் ஒன்பது பாட்டு. எட்டு என்னுடையவை. மண்டபம் அகதி முகாமில் பிறந்ததைப் பற்றி ஒன்று, திரும்பி வந்தபிறகு பள்ளிக்கூடத்தில் ‘இந்தியாக்காரன்’ என்று பட்டம் வாங்கியதைப் பற்றி ஒன்று, தெருவை விட்டு விலகாத கழுதைகளைப் பற்றி ஒன்று, இப்படி. ஒன்பதாவது மட்டும் அப்பாவினுடையது. இரண்டு நிமிடம்கூட வராது. அந்தத் துண்டுப் பாட்டால்தான், அப்பா தன் வாழ்க்கையில் பெரிதாக மதித்த ஒரே பதவி ஆட்டம் கண்டது.

அப்பா கரைவலைக்காரர். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். இழுக்கிற கை சோராமல் இருக்க அம்பாப் பாட்டு. ஒருவர் முன்பாட்டுப் பாட மற்றவர்கள் பின்பாட்டுச் சொல்லி இழுப்பார்கள். முன்பாட்டு எப்போதும் அப்பாதான். கரையில் பெண்கள் இல்லை என்று தெரிந்தால் அந்தப் பாட்டு முழுவதும் பச்சைத் தூசணமாக மாறும். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியின் மனைவியில் தொடங்கி கொழும்பு மந்திரி வரை ஒருவரையும் விடமாட்டார்.

அதே அப்பா, தவக்காலம் வந்தால் கோயிலில் பசாம் பாடுவார். இயேசு பட்ட பாடுகளை இழுத்து இழுத்துப் பாடுகிற துக்கப் பாட்டு அது. அதற்கும் முன்பாட்டுக்காரர் அவர்தான். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் வாயைத் திறந்தால் மாதா சுரூபத்தைத் தவிர மற்ற எல்லோரும் அழுவார்கள். மாதாவும் அழுததாகச் சொல்கிற கிழவிகள் உண்டு. கரையில் பாடுகிற வாயும் கோயிலில் பாடுகிற வாயும் ஒன்று என்று ஊர் முழுவதற்கும் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்திருக்கிற கெட்டித்தனம் எங்கள் ஊருக்கு நிறையவே உண்டு.

ஒலிப்பதிவு பாப்பாமோட்டையில் கூட்டாளி வீட்டு நெல் அறையில் நடந்தது. சுற்றிவர நெல்மூட்டை அடுக்கியிருந்தால் எதிரொலி வராது. தும்மல் மட்டும் வரும். எட்டுப் பாட்டையும் தும்மலுக்கு இடையில் பாடி முடித்த பிறகு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நாகரிகமான அம்பா ஒன்று பாடித் தாருங்கள் என்று கெஞ்சினேன். காற்றைப் பற்றி, கடல் மாதாவைப் பற்றி, அப்படி ஏதாவது.

“அதெல்லாம் ரேடியோக்காரன் கேட்டு வந்தா பாடுற சாமான்,” என்றார் அப்பா. “உனக்கெண்டா நல்லதாத்தான் பாடுவன்.”

நல்லது என்று அவர் சொன்னது சம்மாட்டியின் மனைவியைப் பற்றியது. அந்த வரிகளை இங்கே எழுதமாட்டேன். நான் இன்னும் அம்மா சமைத்ததைத்தான் சாப்பிடுகிறேன். பிரச்சினை அந்த வரிகளோடு முடியவில்லை. அப்பா எதைப் பாடுவதற்கு முதலும் தொண்டையைச் சரிபார்க்க ஒரு பசாம் அடியைப் பாடுவார். மைக் திறந்திருந்தது. கல்வாரி மலையில் தொடங்கினார், மூச்சு விடாமல் அதே மெட்டில் அப்படியே சறுக்கி சம்மாட்டி வீட்டு வாசலில் வந்து இறங்கினார். இரண்டு மெட்டும் கூடப்பிறந்தவை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. கூட்டாளி வாளியில் அடிப்பதை மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தான். இதுதான் இந்த ஆல்பத்திலேயே நல்ல சாமான் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வயிறு எரிந்தது.

“அப்பா, கோயில்ல கரைச்சல் வராதா?” என்று கேட்டேன். “இதை வெளியில விடப்போறன். யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“விடு. கோயில்ல ஆர் உன்ர பாட்டைக் கேக்கப் போறாங்கள்?”

எல்லோரும் கேட்டார்கள். என் பாட்டை இல்லை, அவருடையதை. இணையத்தில் ஏற்றிய மறுநாளே கனடாவிலிருந்து ஒருவர் எழுதினார்: ஐயாவின் குரல் கேட்டு அழுதுவிட்டேன், மற்றப் பெடியன் எதற்குக் கத்துகிறான்? பிரான்சிலிருந்து ஓர் அக்கா, முதல் எட்டுப் பாட்டையும் தாண்டிப் போவது எப்படி என்று விசாரித்திருந்தார். சென்னையில் தனியிசை பற்றி எழுதுகிற ஒருவர் மட்டும் நீளமாக ஒரு விமர்சனம் போட்டார். ஒன்பதாம் பாட்டில் கடல் கடந்த ஓர் இனத்தின் ஏக்கமும், அவிழாத ஒரு முடிச்சின் முன்னால் நிற்கிற மனிதனின் தவிப்பும் கேட்கிறதாம். அவருக்கு எங்கள் பேச்சு பாதி விளங்கவில்லை. அந்த முடிச்சு சம்மாட்டியின் மனைவியின் சட்டை முடிச்சு என்று பதில் எழுதத் தொடங்கி, பிறகு விட்டுவிட்டேன். யாரோ ஒருவராவது தூய மனத்தோடு கேட்டிருக்கிறாரே.

உள்ளூர்க் கருத்துக்கள் நேரில் வந்தன. என் கடைக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருக்கிறவர் ஆல்பத்தை ஒரே ஒரு நாள் போட்டார். “தம்பி, உன்ர பாட்டுக்குக் கத்தரிக்கோல் தன்ர பாட்டில ஓடுது. ஒராளின்ர மீசை போயிட்டுது. மன்னிச்சுக்கொள்,” என்று நிறுத்திவிட்டார். எதிரே தேத்தண்ணிக் கடை நானா பொறுமையானவர். முழுவதையும் கேட்டார். “பாங்கு சொல்லுற நேரத்துக்கு மட்டும் நிப்பாட்டிரு வாப்பா. மத்தபடி பரவாயில்ல. இன்ஷா அல்லாஹ் அடுத்தது நல்லா வரும்,” என்றார். நெஞ்சைத் தொட்ட ஆறுதல் அது. ஆனால் மரணச் செய்தி கேட்டால் சொல்கிற இன்னா லில்லாஹியை இந்த ஆல்பத்துக்கு அவர் சொல்லிவிட்டதுபோல எனக்குப் பட்டது. வலைக்காரர்கள் அப்பாவிடம் மட்டும் குறைப்பட்டார்கள். “அண்ணை, அந்தக் கடைசி அடியை விட்டிட்டியளே. அதுதானே திறம்.”

இந்தக் கூத்தெல்லாம் தவக்காலம் தொடங்கும்வரை சிரிப்பாகத்தான் இருந்தது. தவக்காலத்து முதல் வெள்ளி அப்பா வழமைபோல் வெள்ளைச் சாரம் உடுத்து, சால்வை போட்டு, பீடத்துக்கு முன்னால் நின்று பசாமைத் தொடங்கினார். அதே அடி. நெல் அறையில் தொண்டையைச் சரிபார்த்த அதே கல்வாரி அடி. கோயிலின் பின்வரிசை வாங்குப் பலகைகளிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து மூக்கால் வெளியேறின சிரிப்பு. அது இன்னொன்றைக் கிளப்பியது. அடுத்த அடியில் சம்மாட்டியின் மனைவி வந்துவிடுவாள் என்று இளந்தாரிகள் எல்லோரும் காத்திருந்தார்கள், அவள் வராதது அவர்களுக்கு இன்னும் சிரிப்பாகிவிட்டது. அப்பா பாடி முடித்தார். ஆனால் கடைசி அடிகளில் குரல் இருந்ததே தவிர அவர் இருக்கவில்லை. அன்றைக்கு எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு பாதர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் பாதர் என் வயதுக்காரர், நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்ட மனிதராக இருந்தால் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும்.

“ஆல்பம் முழுக்கக் கேட்டனான்,” என்றார். “கழுதைப் பாட்டு எனக்கு நல்லாப் பிடிச்சது.”

என் எட்டுப் பாட்டில் ஒன்றைப் பற்றி ஒரு மனிதர் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். அதற்குள் அவர் தொடர்ந்தார்.

“ஆனா பெரிய வெள்ளி அண்டு சனம் சிரிச்சா நான் என்ன செய்யிறது? இந்த வருசம் மட்டும் அப்பா முன்பாட்டை விடட்டும். வேறை ஒராளை விடுவம்.”

“பாதர், கரையில அவர் என்ன பாடுறவர் எண்டு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். பாவசங்கீர்த்தனத்தில எல்லாரும் வந்து செய்த பாவத்தைச் சொல்லுறவங்கள்தானே. அது காதுக்குள்ள வாறது. இது ஸ்பீக்கரில வாறது.”

மூன்று தடவை போய்ச் சண்டை பிடித்தேன். ஆல்பத்தை இணையத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். எடுத்தாலும் ஊரில் ஒவ்வொரு ஃபோனிலும் இருக்கிறதே என்றார் அவர். உண்மைதான். பாதி ஃபோனில் நானே ஏற்றிக் கொடுத்திருந்தேன்.

மாற்று ஆளாகப் போட்டது யாரை என்று கேட்டால் சிரிப்பீர்கள். அப்பாவின் வலையிலேயே பின்பாட்டுப் பாடுகிறவரை. அப்பா முன்பாட்டில் சொன்ன ஒவ்வொரு தூசணத்துக்கும் அதைவிடக் கேவலமான பதில் சொல்லி இத்தனை வருடமாக இழுத்த ஆள் அவர். நெல் அறைக்கு வரவில்லை, ஆகவே பரிசுத்தர். செபமாலைக் கூட்டத்துப் பெண்கள் அவருடைய அடக்க ஒடுக்கத்தைப் புகழ்ந்தார்கள்.

வீட்டில் நிலைமை கேட்கவே வேண்டாம். அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம் அயல் வீட்டுக்குக் கேட்கும். அம்மா பேசவில்லை. ஆனால் ஒரு நாள், அயலில் ஒரு பெண் வந்து ஆறுதல் சொல்கிற சாட்டில் அப்பாவைக் குறை சொல்லத் தொடங்கியதும் அம்மா வீடு கூட்டுகிற தும்புக்கட்டையோடு எழும்பினார். “என்ர மனுசனை நான் ஏசுவன். நீங்கள் ஆர்?” என்று வாசல் வரை கலைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து அப்பாவுக்குச் சோறு போட்டார். கோப்பை மட்டும் அன்றைக்கு மெதுவாக வைக்கப்பட்டது.

அப்பா எதையும் வெளியில் காட்டவில்லை. “ஒரு வருசம்தானே, தொண்டைக்கும் ஓய்வு,” என்றார். ஆனால் கரையில் பாடுவதையும் விட்டுவிட்டார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வாயை மூடி இழுத்தார். பாட்டில்லாமல் இழுத்ததில் இரண்டு பக்கக் கயிறும் ஒன்றோடொன்று சேராமல், ஒரு பக்கம் முந்தி வந்து வலை சரிந்து, பாதி மீன் கடலுக்கே போனதாகக் கேள்விப்பட்டேன். சம்மாட்டி வந்து, என் மனைவியைப் பற்றி என்னத்தையாவது பாடித் தொலை, வலை நேராக வந்தால் போதும் என்று கெஞ்சினாராம். அப்பா சிரிக்கவில்லையாம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. பெரிய வெள்ளி அன்று பாடாமல் நின்றால் அந்த மனுசன் உடைந்துபோவார் என்று முடிவாக நம்பினேன்.

பெரிய வெள்ளி வந்தது. அப்பா எல்லோருக்கும் முதல் குளித்து வெள்ளைச் சாரத்தோடு நின்றார். கோயிலில் முன்னுக்குப் போகவில்லை. பின்சுவரோடு, அவரைப் பார்த்துச் சிரித்த அதே இளந்தாரிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நானும் பக்கத்தில் நின்றேன். யாராவது மூக்கால் சிரித்தால் அந்த மூக்கை உடைப்பது என்று கடவுளின் வீட்டில் நின்றுகொண்டே தீர்மானித்திருந்தேன்.

மாற்று ஆள் தொடங்கினார். அவருடைய குரல் பிசக வேண்டும் என்று சிலுவையைப் பார்த்தே மன்றாடினேன். பிசகவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும், ஆள் நன்றாகத்தான் பாடினார். இத்தனை வருடம் பின்பாட்டில் வீணாகிப்போன குரல். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்பாட்டு முடிய சனம் பின்பாட்டை எடுத்தது. அப்பாவும் எடுத்தார். இரண்டாம் அடியிலும் எடுத்தார். மூன்றாம் அடியில் அவர் குரல் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். அப்பா அழுதுகொண்டிருந்தார். கண் கலங்குவது, சால்வை நுனியால் ஒற்றிக்கொள்வது, அப்படி ஒன்றும் இல்லை. வாயைத் திறந்து, தோள் குலுங்க, மூக்கு வடிய, சின்னப் பிள்ளைபோல் சத்தம் போட்டு அழுதார். என் வாழ்க்கையில் அந்த மனுசன் அழுது நான் பார்த்ததே இல்லை. முகாமில் இல்லை, திரும்பி வந்து இடிந்த வீட்டைப் பார்த்தபோதும் இல்லை. முன்னால் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மாற்று ஆள் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டே போனார். பெண்கள் பக்கத்தில் அம்மா எழுந்து நின்றுவிட்டார். அவமானம் தாங்காமல் மனுசன் உடைந்துபோனார், மகன் போட்ட பாட்டு அப்பனைத் தின்றுவிட்டது என்று வாங்கு வாங்காகக் குசுகுசுப்பு ஓடியது. என் ஆல்பத்தைப் பற்றி ஊர் சொன்ன கடைசிக் கருத்து அதுதான். அந்த நிமிடம் நானும் அதை ஒத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது பாதர் எங்களைத் தேடி ஓடிவந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. “அடுத்த வருசம் கட்டாயம் நீங்கள்தான் முன்பாட்டு. நான் வாக்குத் தாறன்,” என்று அப்பாவின் கையைப் பிடித்தார். அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி சுவாமி” என்று மட்டும் சொன்னார். நான் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனேன். வாயைத் திறந்தால் பாதருக்குத் திட்டு விழும் என்று தெரியும், அன்றைக்குப் பெரிய வெள்ளி.

அம்மா மற்றப் பெண்களோடு நடந்து வர, அப்பாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். வழியில் கழுதைகள் தெருவை மறித்துக்கொண்டு நின்றன. ஹோர்ன் அடித்தேன். அசையவில்லை. எஞ்சினை நிறுத்தினேன். சாயங்கால வெயில் முகத்தில் கொளுத்தியது.

“அப்பா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்றேன் முன்னால் பார்த்தபடி. “அந்தப் பாட்டை நான் போட்டிருக்கக் கூடாது.”

“உனக்கென்ன விசரா? நான்தானே பாடினனான்.” குரல் கரகரத்தது. ஆனால் அதில் துக்கம் இல்லை. நன்றாக நித்திரை கொண்டு எழும்பின ஆளின் குரல்போல இருந்தது. “முன்னுக்குப் பாடுறவனுக்கு அழ ஏலாதடா. அவன்ர மூச்சு உடைஞ்சா எல்லாரும் நிண்டிருவாங்கள். கயிறு பிடிச்சாலும் அதுதான், கோயிலிலயும் அதுதான். உன்ர சித்தப்பாவைக் கொண்டு போய் வைக்கேக்கயும் நான்தான் பாடினனான்.”

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. நாங்கள் முகாமிலிருந்து திரும்பிய பிறகு கடலுக்குப் போனவர், கரையொதுங்கித்தான் வந்தார். பெட்டி கோயிலிலிருந்து சவக்காலைக்குப் போகும்வரை, குழியில் மண் விழும்வரை, அப்பா ஒரு அடி பிசகாமல் முன்பாட்டுப் பாடியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு கல்நெஞ்சு என்று அன்றைக்கு ஆட்கள் வியந்தார்கள். நானும்தான்.

“இண்டைக்குத்தான் அவனுக்கு அழுதனான்,” என்றார் அப்பா. “ஆசை தீர அழுதனான்.”

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. அப்பா சால்வையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார், மூக்கைச் சிந்தினார், பிறகு குனிந்து என் காதுக்குக் கிட்ட வந்தார்.

“சுவாமி அடுத்த வருசமும் என்னை முன்னுக்கு விடப் போறாராம். நீ கெதியா இன்னொரு ஆல்பம் போடு. இதைவிட மோசமான பாட்டு ஒண்டு கிடக்கு, பாடித் தாறன்.”